படத்தைத் திருப்பிப் பாருங்கள்: ஒரு யூத மூதாதையின் நினைவைப் பழைய குடும்பப் படங்களிலிருந்து மீட்க முழுமையான வழிகாட்டி

என் கணவரின் குடும்பம் வில்னாவிலிருந்து (இன்றைய லித்துவேனியாவின் தலைநகர் வில்னியூஸ்) அமெரிக்கா வந்த யூதக் குடும்பம். மாமனார் காலமான பிறகு மாமியார் வீட்டைக் காலி செய்தபோது, துணி அலமாரியின் மேல்தட்டில் ஒரு பழைய பிஸ்கட் டின் கிடைத்தது. உள்ளே 63 படங்கள். பாதிக்கு மேல் பின்புறம் ஏதோ எழுதியிருந்தது. அதைப் படிக்க வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை.

அதில் ஒரு படம்: இரண்டு பெண்கள். ஒருத்தி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், மற்றவள் பக்கத்தில் நின்று நாற்காலி முதுகில் கை வைத்திருக்கிறாள். இருவருக்கும் ஐம்பது வயதிருக்கும், முகம் ஒரே அச்சு. "இதில் ஒருத்தி உன் மாமனாருடைய பாட்டி, இன்னொருத்தி பாட்டியின் தங்கை. எது யார் என்று அவர் சொல்லியிருக்கிறார், மறந்துவிட்டேன்" என்றார் மாமியார்.

அந்தப் பாட்டிக்குக் கல்லறை இல்லை. 1941க்குப் பிறகு அவள் எழுதிய எதுவும் வந்து சேரவும் இல்லை. என் கணவருக்கு அவள் கொள்ளுப்பாட்டி. அவளைப் பற்றி எங்கள் கையில் இருந்ததெல்லாம் ஒன்பதுக்குப் பதினாலு சென்டிமீட்டர் அட்டைதான். அதை வைத்துக்கொண்டு இரண்டு வருடம் நாங்கள் செய்ததையும், செய்யாமல் விட்டிருக்க வேண்டியதையும் கீழே எழுதுகிறேன். கிழக்கு ஐரோப்பிய யூதக் குடும்பங்களின் படங்களை மனதில் வைத்தே எழுதுகிறேன். மொராக்கோ, பாக்தாத் குடும்பங்களுக்கு எழுத்தும் வழக்கமும் வேறாக இருக்கும்.

1. முதலில் கலைக்காதீர்கள்

டின்னைத் திறந்ததும் எல்லாவற்றையும் மேசையில் கொட்டத் தோன்றும். வேண்டாம். எந்தப் படத்தோடு எது சேர்ந்திருந்தது, எந்த உறைக்குள் இருந்தது என்பதும் ஒரு தகவல்தான். ஒரே உறையில் இருந்த மூன்று படங்கள் ஒரே கடிதத்தோடு வந்தவையாக இருக்கலாம். அடுக்கு அடுக்காகக் கைப்பேசியில் படம் எடுத்துவிட்டு, மேலிருந்து கீழாக 1, 2, 3 என்று துண்டுச் சீட்டில் எண் போட்டு உடன் வையுங்கள். ஆல்பமாக இருந்தால் ஒவ்வொரு பக்கத்தையும் முழுதாக எடுத்த பிறகுதான் படத்தைத் தொட வேண்டும்.

எழுபது, எண்பதுகளில் வந்த ஒட்டும் பக்க ஆல்பத்திலிருந்து படம் வரவில்லை என்றால் இழுக்காதீர்கள். மெழுகு பூசாத பல் இடுக்கு நூலைப் படத்துக்கும் பக்கத்துக்கும் நடுவில் விட்டு, மெல்ல இரு பக்கமும் அறுப்பதுபோல் நகர்த்தினால் பெரும்பாலும் வந்துவிடும். வராவிட்டால் பக்கத்தோடு ஸ்கேன் செய்து அப்படியே விட்டுவிடுங்கள்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாக உலர்த்திக்கொண்டு, ஓரத்தைப் பிடித்து எடுங்கள். பஞ்சுக் கையுறையில் பிடி நழுவும். கரிய பகுதிகளில் நீலம் கலந்த வெள்ளி மினுமினுப்புத் தெரிந்தால் அது அழுக்கு அல்ல. படத்திலுள்ள வெள்ளியே மேலே வந்து நிற்கிறது. துடைக்காதீர்கள். ஈரத்துணி, செல்லோடேப், லேமினேஷன் மூன்றும் பக்கத்திலேயே வரக்கூடாது.

2. ஸ்கேனரை விட ஆட்கள் அவசரம்

எல்லா வழிகாட்டிகளும் அடுத்து ஸ்கேன் செய்யச் சொல்லும். நான் அதற்கு முன்னால் வயதானவர்களைப் பார்க்கச் சொல்வேன். படம் இன்னும் ஐம்பது வருடம் தாங்கும். தொண்ணூற்றிரண்டு வயது அத்தை தாங்க மாட்டார்.

பத்துப் படம் மட்டும் எடுத்துப் போங்கள், கைப்பேசியில் குரல் பதிவைப் போட்டுவிட்டுப் பேச்சை ஆரம்பியுங்கள். "இது யார்?" என்று கேட்டால் பாதிப் பேர் "தெரியாது" என்று முடித்துவிடுவார்கள். "இந்தப் படம் உங்கள் வீட்டில் எங்கே மாட்டியிருந்தது?", "இதைப் பார்த்து உங்கள் அம்மா ஏதாவது சொல்வாரா?" என்று கேளுங்கள். என் கணவரின் அத்தை அந்த இரண்டு பெண்கள் படத்தைப் பார்த்து "யாரென்று தெரியாது" என்றுதான் தொடங்கினார். எங்கே மாட்டியிருந்தது என்று கேட்டதும், "மாட்டவில்லை. அப்பா இதைப் பிரார்த்தனைப் புத்தகத்துக்குள் வைத்திருந்தார். வருடத்தில் ஒரு நாள் எடுத்து மெழுகுவர்த்திப் பக்கத்தில் வைப்பார்" என்றார். அப்பா என்றால் என் கணவரின் தாத்தா. அவர் தன் அம்மாவின் படத்தைத்தான் அப்படி வைத்திருப்பார் என்பது அந்த ஒரு வரியில் தெரிந்தது.

ஒன்று மட்டும் கவனம். நாஜிகள் யூதர்களைக் கொன்றொழித்த பேரழிவில் (ஹோலோகாஸ்ட்) குடும்பத்தை இழந்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகள், ஒரு இடத்தில் பேச்சை நிறுத்துவார்கள். அவர்கள் நிறுத்திய இடத்தில் நாமும் நிறுத்திவிட வேண்டும். தேதி தப்பாகச் சொன்னாலும் திருத்தக் கூடாது. திருத்தினால் அடுத்ததைச் சொல்ல மாட்டார்கள்.

வியன்னாவில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய சென்ட்ரோபா என்ற அமைப்பு இதையே பெரிய அளவில் செய்தது. மத்திய, கிழக்கு ஐரோப்பாவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட முதிய யூதர்களிடம் போய், அவர்களுடைய குடும்பப் படங்களை முன்னால் வைத்து, ஒவ்வொன்றுக்கும் கதை கேட்டுப் பதிந்தது. படமும் அதற்கான கதையும் பக்கத்துப் பக்கத்தில் இணையத்தில் இருக்கின்றன. எப்படிக் கேட்பது என்று பழக நாலைந்து பதிவுகளைப் படித்தால் போதும்.

3. ஸ்கேன்: இரண்டு பக்கமும், ஓரம் வெட்டாமல்

இங்கே நாங்கள் சூடு பட்டோம். முதல் இருபது படங்களை ஒரு கடையில் கொடுத்தோம். அழகான வட்டில் போட்டுத் தந்தார்கள். ஓரங்களை வெட்டி, பழுப்பு நிறத்தைப் போக்கி, வெளுப்பைச் சரி செய்து, பின்பக்கத்தை எடுக்காமலே விட்டிருந்தார்கள். ஸ்டூடியோ பெயர் அச்சிட்டிருந்த கீழ் அட்டை முழுதும் போய்விட்டது. காசு போனது போகட்டும், திரும்ப முதலிலிருந்து செய்தோம்.

வீட்டிலேயே செய்யலாம். சாதாரணத் தட்டை ஸ்கேனர் போதும். தாள் இழுத்துக்கொள்ளும் வகை வேண்டாம். தபாலட்டை அளவுப் படத்துக்கு 600 டிபிஐ, அதைவிடச் சின்னப் படங்களுக்கு 1200. கறுப்பு வெள்ளைப் படமானாலும் கலர் ஸ்கேனே எடுங்கள். மையின் ஊதா, முத்திரையின் சிவப்பு, பென்சிலின் சாம்பல் அப்போதுதான் பிரிந்து தெரியும். தானாகச் சரி செய்யும் வசதிகள் அனைத்தையும் அணைத்துவிடுங்கள். படத்தைச் சுற்றி அரை சென்டிமீட்டர் வெற்றிடம் விடுங்கள். மூலக் கோப்பு டிஃப் வடிவில் இருக்கட்டும். தபாலட்டை ஒன்றுக்கு சுமார் 20 எம்பி வரும். உறவினர்களுக்கு அனுப்ப அதிலிருந்து ஜேபெக் எடுத்துக்கொள்ளலாம்.

ஸ்கேனர் இல்லையா? வெயில் நேரடியாக விழாத ஜன்னலோரம், படத்துக்கு நேர் மேலே கைப்பேசி, ஃப்ளாஷ் வேண்டாம். ஒன்றும் எடுக்காமல் இருப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

கோப்புப் பெயரில் கதை எழுத வேண்டாம். எண்ணும் பக்கமும் போதும்: 017_முன், 017_பின். ஆண்டு, பெயர் எல்லாம் பிற்பாடு மாறும், எண் மாறாது. வீட்டுக் கணினியில் ஒரு பிரதி, வெளி வட்டில் ஒன்று, வேறு ஊரில் இருக்கும் உறவினரிடமோ மேகச் சேமிப்பிலோ ஒன்று என மூன்று இருக்கட்டும்.

4. பின்புறம்

எல்லோரும் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்போம். விஷயம் பெரும்பாலும் முதுகில்தான் இருக்கும்.

எங்கள் படத்தின் பின்னால் நாலு வரி, வலமிருந்து இடமாக, ஊதா மையில். ஹீப்ரு மொழி என்று எண்ணி, ஹீப்ரு தெரிந்த ஒரு நண்பரிடம் காட்டினோம். எழுத்துக் கூட்ட முடிகிறது, அர்த்தம் வரவில்லை என்றார். ஏனென்றால் அது இட்டிஷ். கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் வீட்டுமொழி. எழுத்து ஹீப்ரு, சொற்களில் பெரும்பகுதி ஜெர்மன் வழி. கையெழுத்து வடிவமும் அச்செழுத்தைப்போல இருக்காது. ஜெர்மன் தெரிந்த ஒருவரை நண்பரின் பக்கத்தில் உட்கார வைத்தோம். நண்பர் எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படிக்க, ஜெர்மன்காரர் அர்த்தம் சொல்ல, அரை மணி நேரத்தில் மூன்று வரி வந்தது.

முதல் வரி "ட்ஸும் எய்பிக்கன் ஒண்டெங்க்". 'என்றென்றும் நினைவுக்காக' என்று பொருள். இதைப் பார்த்து உருகிவிட வேண்டாம். நூற்றுக்கணக்கான படங்களில் இதே வாசகம் இருக்கும், நம் கல்யாணப் பத்திரிகைகளில் 'சுற்றமும் நட்பும் சூழ' போல. போலந்து மொழியில் "நா பமியோன்ட்கெ", ரஷ்ய மொழியில் "நா பாம்யாத்" என்று இருந்தாலும் இதே கருத்துதான். இரண்டாவது வரி: என் அன்பு மகனுக்கு. மூன்றாவது: உன் அம்மாவிடமிருந்து, வில்னா. நான்காவது வரி வெறும் ஆண்டும் மாதமும்.

அந்த ஆண்டைப் படிக்கும் வித்தையை எல்லோரும் கற்றுக்கொள்ள வேண்டும், ஐந்து நிமிட வேலை. ஹீப்ரு எழுத்து ஒவ்வொன்றுக்கும் எண் மதிப்பு உண்டு. ஆண்டை எழுத்துகளாலேயே எழுதுவார்கள், ஆயிரத்தை விட்டுவிடுவார்கள். கடைசி எழுத்துக்கு முன்னால் மேற்கோள்குறிபோல இரண்டு சிறு கோடு இருந்தால் அது எண்ணாகவோ சுருக்கமாகவோ இருக்கும் என்று பிடித்துக்கொள்ளலாம். எங்கள் படத்தில் தாவ், ரேஷ், பே, வாவ் என நாலு எழுத்து. தாவ் 400, ரேஷ் 200, பே 80, வாவ் 6. கூட்டினால் 686. அதோடு 1240 சேர்த்தால் 1926. ஆனால் யூத ஆண்டு செப்டம்பர் வாக்கில் பிறப்பதால், ஆண்டின் முதல் மூன்று மாதமான திஷ்ரி, ஹெஷ்வான், கிஸ்லேவ் என்றிருந்தால் ஒரு ஆண்டு குறைத்துக்கொள்ள வேண்டும். நான்காவதான தெவேத் இரண்டு ஆண்டுக்கும் நடுவில் விழும். எங்கள் படத்தில் இருந்தது எலுல், ஆண்டின் கடைசி மாதம். ஆகஸ்ட், செப்டம்பர் 1926.

எலுல் என்றதும் இன்னொன்றும் தெளிந்தது. அடுத்த மாதம் ரோஷ் ஹஷானா, யூதப் புத்தாண்டு. அந்தக் காலத்தில் வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளுக்குப் புத்தாண்டு வாழ்த்தாகப் படம் எடுத்து அனுப்புவது பெரிய வழக்கம். இரு பெண்களும் நல்ல உடையில் ஸ்டூடியோவுக்குப் போனது அதற்காகத்தான் இருக்க வேண்டும்.

அடுத்து முத்திரை. ஒரே வில்னாவின் பெயர் எந்த மொழியில் இருக்கிறது என்று பார்த்தாலே காலம் ஓரளவு பிடிபடும். முதல் உலகப்போருக்கு முன் ரஷ்யப் பேரரசு, முத்திரை ரஷ்ய எழுத்தில். 1915 முதல் 1918 வரை ஜெர்மானியர். 1920 அக்டோபரிலிருந்து போலந்துப் படைகள். அதன்பின் 1939 வரை ஊர் பெயர் வில்னோ. 1939 அக்டோபரில் லித்துவேனியாவிடம் போனதும் வில்னியூஸ். 1940 ஜூனில் சோவியத், 1941 ஜூன் 24இல் மீண்டும் ஜெர்மானியர். ஊர் நகரவே இல்லை, பெயரும் கொடியும் மட்டும் மாறிக்கொண்டே இருந்தன. லெம்பெர்க், ல்வூவ், லிவிவ் மூன்றும் ஒரே ஊர். கோவ்னோவும் கௌனாஸும் அப்படியே.

ரஷ்ய முத்திரைக்கு ஒரு சின்ன உபாயம்: 1918இல் ரஷ்ய எழுத்துச் சீர்திருத்தம் நடந்தது. அதற்கு முன் மெய்யில் முடியும் சொற்களின் வாலில் உச்சரிக்காத ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கும். பார்க்க இங்கிலீஷ் சின்ன பி எழுத்தின் தலையில் இடப்பக்கம் ஒரு கொடி கட்டியதுபோல. அது இருந்தால் அட்டை பெரும்பாலும் சீர்திருத்தத்துக்கு முந்தையது. அட்டை என்றுதான் சொன்னேன், படம் என்று சொல்லவில்லை. ஸ்டூடியோக்காரர் பழைய அட்டைக் கட்டைத் தீரும்வரை ஓட்டியிருப்பார்.

எங்கள் படத்தின் முத்திரை போலந்து மொழியில், நிமியெட்ஸ்கா தெரு முகவரியோடு இருந்தது. அந்தத் தெரு இன்று வோகியெச்சியூ. இரண்டுக்கும் 'ஜெர்மன் தெரு' என்றே பொருள். இப்படி முகவரி கிடைத்தால் பழைய, புதிய வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள்; அவள் நடந்து போன தெருவில் நீங்களும் போய் நிற்கலாம்.

கையெழுத்து படிக்க ஆள் கிடைக்காதவர்களுக்கு: ஜூயிஷ்ஜென் என்ற யூதக் குடிவழி ஆய்வுத் தளத்தில் வியூமேட் என்றொரு பகுதி உண்டு. பின்பக்க ஸ்கேனைப் போட்டால் தன்னார்வலர்கள் மொழிபெயர்த்துத் தருவார்கள். இலவசம்.

5. முன்புறம்: கொஞ்சம் சந்தேகத்தோடு

படத்தின் வகையே காலம் சொல்லும். சுமார் ஆறுக்குப் பத்து சென்டிமீட்டர் அட்டையில் ஒட்டிய சின்னப் படம் என்றால் 1850களின் கடைசியிலிருந்து நூற்றாண்டு முடிவு வரை. பதினொன்றுக்குப் பதினாறரை அளவுள்ள பெரிய அட்டை 1860களின் பிற்பகுதியிலிருந்து முதல் உலகப்போரை ஒட்டிய காலம் வரை. தபாலட்டைத் தாளில் அச்சிட்ட படம் இருபதாம் நூற்றாண்டுச் சரக்கு. தகரத் தகட்டில் எடுத்ததானால் இடவலம் மாறியிருக்கும். மோதிரக் கையை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

உடையை வைத்து ஊகிப்பதில் நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள். ஆசாரமான குடும்பங்களில் திருமணமான பெண் தலைமுடியை மறைப்பாள், துணியாலோ ஷைட்டல் எனும் பொய்முடியாலோ. நெற்றியில் முடிக்கோடு கத்தரித்ததுபோல் நேராக இருந்தால் ஷைட்டலாக இருக்கலாம். சரி, ஆனால் 1920களின் வில்னாவில் ஆசாரத்தை விட்ட பெண்களும் ஏராளம். மறைக்கவில்லை என்பதால் கல்யாணம் ஆகவில்லை என்று எழுதிவிடக் கூடாது. ஆசாரக் குடும்பம் ஷபாத் எனும் சனிக்கிழமையில் படம் எடுக்காது என்பதும் நினைவிருக்கட்டும். விளக்கேற்றிய மேசைமுன் எடுத்த 'ஷபாத் படம்' என்றால் அது ஜோடனை.

6. ஒரு ஆளுக்கு நாலு பெயர்

யூதக் குடும்பத் தேடலில் தலை சுற்றுவது இங்கேதான். ஜெப ஆலயத்தில் ஹீப்ருப் பெயர், வீட்டில் இட்டிஷ் பெயர், அரசுப் பதிவில் ரஷ்ய அல்லது போலந்துப் பெயர், அமெரிக்கா வந்ததும் இன்னொன்று. ஆனால் இதில் ஒரு ஒழுங்கு உண்டு. ட்ஸ்வி என்றால் ஹீப்ருவில் மான். இட்டிஷில் மானுக்கு ஹிர்ஷ். அதனால் ட்ஸ்வி, ஹிர்ஷ், ட்ஸ்வி ஹிர்ஷ், நியூயார்க்கில் ஹாரி எல்லாம் ஒரே ஆளாக இருக்கலாம். கரடிக்கு தோவ், பெர். ஓநாய்க்கு ஸெயெவ், வோல்ஃப். சிங்கத்துக்கு ஆர்யே, லெய்ப்.

அஷ்கெனாஸி யூதர்கள், அதாவது கிழக்கு, மத்திய ஐரோப்பியர்கள், உயிரோடிருப்பவர் பெயரைக் குழந்தைக்கு வைக்க மாட்டார்கள். இறந்தவர் பெயரைத்தான் வைப்பார்கள். எனவே 1931இல் பிறந்த பேத்திக்குப் பாட்டி பெயர் இருந்தால், பாட்டி அதற்குள் போய்விட்டாள் என்று அர்த்தம். படத்தில் இருப்பவர் இன்னார்தானா என்பதைக் கழித்துப் பார்க்க இது மிகவும் உதவும். ஸெஃபார்டி, அதாவது ஸ்பெயின், போர்ச்சுகல் வழிவந்த யூதக் குடும்பங்களில் நேர்மாறு. உயிரோடிருக்கும் தாத்தா பாட்டி பெயரையே விரும்பி வைப்பார்கள்.

அமெரிக்காவில் அடக்கமான பிள்ளைகளின் கல்லறைக் கல்லையும் போய்ப் படம் எடுங்கள். கல்லில் ஹீப்ருவில் இன்னார் மகன் இன்னார் என்று தந்தையின் பெயரோடு இருக்கும். வில்னாவில் இல்லாத ஆவணம் நியூஜெர்சிக் கல்லறையில் கிடைக்கும்.

7. கப்பல் பட்டியலும் ஊர்ப் புத்தகமும்

எங்களுக்குக் கொள்ளுப்பாட்டியின் பெயரே கப்பல் பட்டியலில்தான் கிடைத்தது. அமெரிக்காவுக்கு வந்த கப்பல்களின் பயணிகள் பட்டியலில் 1907 முதல் ஒரு பத்தி உண்டு: புறப்பட்ட நாட்டில் உள்ள நெருங்கிய உறவினர் பெயரும் முகவரியும். தாத்தா 1923இல் வந்தவர். 1924 குடியேற்றச் சட்டம் கிழக்கு ஐரோப்பியருக்குக் கதவை ஏறக்குறைய மூடிவிட்டது. ஒரு வருடம் தாமதித்திருந்தால் என் கணவர் இல்லை. அவருடைய வரியில் 'தாய்' என்று எழுதி, பெயரும் தெரு எண்ணும் இருந்தன. நியூயார்க் துறைமுகத்தில் குடியேறிகள் வந்திறங்கிய எல்லிஸ் தீவின் பதிவுகளை இணையத்தில் காசில்லாமல் தேடலாம். எழுத்துக்கூட்டலைப் பத்து விதமாக மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

அப்புறம் யிஸ்கோர் புத்தகங்கள். போருக்குப் பிறகு, ஒவ்வொரு ஊரிலிருந்தும் பிழைத்தவர்களும் முன்பே வெளியேறியவர்களும் சேர்ந்து தங்கள் ஊருக்காகப் போட்ட நினைவுப் புத்தகங்கள். பள்ளிக்கூட வகுப்பு, நாடகக் குழு, தீயணைப்புப் படை என்று குழுப்படங்கள் நிறைய இருக்கும். பெரும்பாலானவற்றை நியூயார்க் பொது நூலகம் இணையத்தில் வைத்திருக்கிறது; சில பகுதிகளின் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு ஜூயிஷ்ஜென்னில் உண்டு.

8. உங்களிடம் இல்லாத பிரதியைத் தேடுங்கள்

எய்ஷிஷோக் என்று லித்துவேனியாவில் ஒரு சிற்றூர். 1941 செப்டம்பரில் இரண்டே நாளில் அந்த ஊரிலும் அக்கம்பக்கத்திலும் இருந்த சுமார் 3,500 யூதர்களைக் கொன்றார்கள். அந்த ஊரில் சிறுமியாகப் பிழைத்த யாஃபா எலியாக், பிற்காலத்தில் வரலாற்றுப் பேராசிரியர் ஆனார். அவருடைய பாட்டி தாத்தா அங்கே ஸ்டூடியோ வைத்திருந்தவர்கள். ஊரை விட்டுப் போனவர்களை நாடு நாடாகத் தேடிப் போய் ஏறக்குறைய 6,000 படங்கள் சேர்த்தார். அவற்றில் ஆயிரம் அளவுக்கு வாஷிங்டன் ஹோலோகாஸ்ட் அருங்காட்சியகத்தில் 1993 முதல் ஒரு கோபுரமாக, சுவர் தெரியாமல் நிற்கின்றன.

ஊரில் இருந்த பிரதி ஊரோடு போய்விட்டது. அனுப்பிய பிரதி பிழைத்தது. ஒரே நெகட்டிவிலிருந்து ஐந்தாறு பிரதி போட்டு, ஒன்று நியூயார்க் மகனுக்கு, ஒன்று ஜோஹனஸ்பர்க் மச்சானுக்கு, ஒன்று பாலஸ்தீனம் போன மகளுக்கு என்று அனுப்பியிருப்பார்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் வேறு வேறு எழுத்து. ஆகவே உங்கள் குடும்பத்திலிருந்து வேறு நாட்டுக்குப் போன கிளை எது என்று பட்டியல் போடுங்கள்.

அந்தக் கிளையைப் பிடிக்க வழி, ஜெருசலேமில் உள்ள ஹோலோகாஸ்ட் நினைவகமான யாத் வாஷேமின் பெயர்த் தரவு. கொல்லப்பட்டவர் ஒவ்வொருவருக்கும் தெரிந்தவர்கள் நிரப்பித் தரும் சாட்சியப் பக்கம் என்ற படிவத்தை அங்கே 1950களிலிருந்து சேர்த்து வருகிறார்கள். பெயர், பெற்றோர், ஊர், தொழில், போர்க்காலத்தில் இருந்த இடம் எல்லாம் அதில் உண்டு. நீங்கள் நிரப்பும் முன் உங்கள் மூதாதைக்கு வேறு யாராவது நிரப்பியிருக்கிறார்களா என்று தேடுங்கள். படிவத்தின் அடியில் நிரப்பியவரின் பெயரும் உறவும் இருக்கும்.

எங்கள் கொள்ளுப்பாட்டிக்கு இருந்தது. 1956இல் ஹைஃபாவிலிருந்து ஒரு பெண் நிரப்பியிருந்தார். உறவு என்ற இடத்தில்: அம்மாவின் அக்கா. இறந்த இடம்: பொனாரி. வில்னாவுக்கு வெளியே இருந்த அந்தக் காட்டில் ஏறத்தாழ 70,000 யூதர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். என் கணவர் அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை.

9. குறிப்பு எழுதும் முறை

இனிப் படத்துக்குக் குறிப்பு எழுத வேண்டும். ஒரு படத்துக்கு ஒரு பக்கம். மூன்று தலைப்புப் போட்டுக்கொள்ளுங்கள்: தெரிந்தது, சொன்னார்கள், ஊகம். எழுத்தாகவோ முத்திரையாகவோ ஆவணமாகவோ கையில் இருப்பதே முதலாவது. இரண்டாவதில் யார், எப்போது சொன்னார் என்பதும் சேர வேண்டும். மூன்றாவதில் எதை வைத்து ஊகித்தீர்கள் என்று எழுதுங்கள். இந்த மூன்றும் கலந்துவிட்டால் அடுத்த தலைமுறை உங்கள் ஊகத்தை வரலாறாக எடுத்துக்கொண்டு போய்விடும். படத்தின் பின்னால் எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் 2பி போன்ற மிருதுவான பென்சிலால், ஓரத்தில், எண் மட்டும். பால்பாயின்ட் பேனா படத்தின் முன்பக்கம்வரை பள்ளம் போடும்.

எங்கள் படத்துக்கு அப்போது நான் எழுதியது இது. தெரிந்தது: வில்னா, எலுல் 1926, தாய் மகனுக்கு அனுப்பியது. சொன்னார்கள்: இருவரில் ஒருத்தி தாய், மற்றவள் அவள் தங்கை (மாமியார்). ஊகம்: உட்கார்ந்திருப்பவள் தாய், மூத்தவளுக்குத்தான் நாற்காலி கொடுத்திருப்பார்கள்.

10. மூலத்தை வைக்கும் இடம்

மாடி அறையும் நிலவறையும் வேண்டாம். படுக்கையறை அலமாரி நல்ல இடம். அமிலமில்லாத தாள் உறை, அமிலமில்லாத அட்டைப்பெட்டி. பிளாஸ்டிக் உறை என்றால் பாலியெஸ்டர் அல்லது பாலிபுரொப்பிலின். பிவிசி ஆகவே ஆகாது. ரசகற்பூர உருண்டையும் வேண்டாம். சுவரில் மாட்ட ஆசையிருந்தால் நகலை மாட்டுங்கள்.

வாரிசு யாரும் அக்கறையோடு இல்லை என்று தோன்றினால் ஆவணக் காப்பகத்துக்குக் கொடுக்கலாம். யாத் வாஷேம், வாஷிங்டன் அருங்காட்சியகம், யிவோ மூன்றும் குடும்பப் படங்களைச் சேர்க்கின்றன. யிவோ 1925இல் வில்னாவிலேயே பிறந்த இட்டிஷ் ஆய்வு நிறுவனம், 1940இல் தலைமையகம் நியூயார்க்குக்கு மாறியது. அந்த ஊர்ப் படம் அங்கே போவதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் சாட்சியப் பக்கத்தோடு படத்தின் நகலைச் சேர்த்துவிடுங்கள். உயிரோடிருப்பவர்களின் பெயர், பிறந்த தேதியை மட்டும் இணையத்தில் போடாதீர்கள்.

வண்ணம் பூசும் செயலிகள், முகத்தை அசைய வைக்கும் செயலிகள் பற்றிக் கேட்கிறார்கள். எனக்குப் பிடிக்காது. மங்கிய முகத்தைத் தெளிவாக்கும் செயலி அந்த முகத்தைக் கண்டுபிடிப்பதில்லை, புதிதாக ஒன்றை வரைகிறது. விளையாட்டுக்குச் செய்தாலும் கோப்பைத் தனியாக வைத்து, செயற்கை என்று படத்தின் மேலேயே எழுதிவிடுங்கள்.

11. நாள் குறித்தல்

இறந்த நாளை யூதர்கள் ஹீப்ரு நாட்காட்டிப்படி அனுசரிப்பார்கள், நாம் திதி பார்ப்பதுபோல. யார்ட்சைட் என்பார்கள். முந்தின நாள் சூரியன் மறையும்போது ஒரு நாள் முழுக்க எரியும் மெழுகுவர்த்தி ஏற்றி, கடிஷ் பிரார்த்தனை சொல்வார்கள். கொல்லப்பட்ட நாள் தெரியாதவர்களுக்காக இஸ்ரேலின் தலைமை ரபிக்கள் (யூத மதகுருக்கள்) தெவேத் மாதம் பத்தாம் நாளைக் குறித்துக் கொடுத்தார்கள். தாத்தா அந்தப் படத்தைப் பிரார்த்தனைப் புத்தகத்திலிருந்து எடுத்து வைத்த நாள் குளிர்காலத்தில் வரும் என்று அத்தை சொன்னார். தெவேத் பத்து டிசம்பர், ஜனவரியை ஒட்டித்தான் வருகிறது. இதையும் ஊகம் என்ற தலைப்பின் கீழேதான் எழுதியிருக்கிறேன்.

ஹைஃபாக்காரர் இப்போது இல்லை. அவர் மகனைக் கண்டுபிடிக்க எட்டு மாதம் ஆனது. எழுபத்தெட்டு வயது. எங்கள் ஸ்கேனை அனுப்பியதும் மறுநாளே பதில் வந்தது. அவர் வீட்டிலும் அதே படம், ஓரம் கொஞ்சம் மடங்கி. பின்னால் எழுத்தில்லை. தொலைபேசியில் சொன்னார்: "உட்கார்ந்திருப்பவள் என் பாட்டி. அந்த வருடம் அவளுக்குக் கால் முறிந்திருந்தது, நிற்க முடியாது என்று அம்மா சொல்வாள். நிற்பவள் உங்களுடையவள்."

ஊகம் என்ற இடத்தில் இருந்ததை அடித்துவிட்டேன். சொன்னார்கள் என்ற இடத்தில், அவர் சொன்னதைத் தேதியோடு எழுதினேன்.